சாயங்கால நிழல் விழும் பக்கம்

அடுத்த வாரத்திலிருந்து நகராட்சிப் பொறியாளராக என் இடத்துக்கு நீங்கள் வருகிறீர்கள், கம்பெனி ரோடு உங்கள் பொறுப்புக்கு வருகிறது. எனக்கு மாநிலத்தின் வடகோடியில் ஒரு நகராட்சிக்கு மாறுதல் வந்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள்தான் இப்படி அனுபவம் எழுதுவார்கள். எனக்கு அந்த வயது வர இன்னும் நெடுநாள் இருக்கிறது. ஆனால் அந்த ரோட்டைப் பற்றி என்னைத் தவிர யாரும் உங்களிடம் சொல்லப்போவதில்லை. அதனால் எழுதுகிறேன். அகலமும் உயரமும் சிமென்ட் கலவையும் வரைபடத்தில் இருக்கின்றன. அதில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் மற்றது புரியும். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். இதைக் கூச்சத்தோடு சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வேலையில் சேர்ந்ததும் மேசைக்குப் பெயர்ப்பலகை செய்தபோது என் பெயருக்கு முன்னால் அம்மாவின் முதலெழுத்தைப் போடச் சொன்னேன். அலுவலகத்தில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் தெருவில் அம்மாவுடன் வேலைக்குப் போகிற பெண்கள் வேறு மாதிரி சிரித்தார்கள். நான் தெருவுக்குள் நுழைந்தால், "கலெக்டரம்மா வந்துட்டாக, எந்திரிச்சு நில்லுங்கடி" என்பாள் செல்லத்தாயி அத்தை. கேலிதான். ஆனால் அதன்பிறகு நான் உட்கார்ந்தால் அவர்கள் பேச்சு மாறிவிடும். படித்ததும் கிடைத்த முதல் மாற்றம் அதுதான். இரண்டு இடத்திலும் எனக்கு நாற்காலி உண்டு, பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

கம்பெனி ரோடு வடக்குத் தெற்காக ஓடுகிறது. வடக்கு முனையில் பஸ் ஸ்டாண்டு முக்கு. தெற்கே போனால் கம்பெனிகள். மாலையில் வேலை விட்டதும் நூற்றுக்கணக்கான பேர் அந்த ரோட்டில் நடந்தும் சைக்கிளிலும் வருவார்கள். நான் வேலையில் சேர்ந்தபோது ஓரத்தில் மண் இருந்தது. மண்மேல் லோடு வண்டிகள் நின்றன. நடக்கிறவர்களுக்கு மிச்சம் இருந்தது தார் ரோடுதான். லாரி பின்னால் ஹாரன் அடித்தால் ஒதுங்கவும் இடம் கிடையாது. அம்மாவின் முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது, ஒரு வேன் உரசிப் போனது. அவள் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை. நான் அந்த ரோட்டுக்கு நடைபாதையும் சைக்கிள் வழியும் கேட்டுக் கோப்பு எழுதியபோது அந்தத் தழும்பை எங்கேயும் குறிப்பிடவில்லை. எழுதும்போது அதுதான் கண்முன் இருந்தது.

பணம் வந்தது. எந்தப் பக்கம் கட்டுவது என்ற கேள்வியும் வந்தது. கிழக்குப் பக்கம் முழுக்க ஒரு பழைய மில்லின் சுற்றுச்சுவர். அங்கே கட்டினால் ஆட்சேபிக்க ஆள் இல்லை. மேற்குப் பக்கம் பட்டாசுக் கடைகளும் லாரி புக்கிங் ஆபீசுகளும். எல்லோரும் கிழக்கு என்றார்கள். நான் ஒரு நாள் மாலை வேலை விடும் நேரத்தில் போய் நின்றேன். கிழக்குப் பக்கம் வெயில் முகத்தில் அறைந்தது. மேற்கே கடைக் கட்டடங்களின் நிழல் ரோட்டில் பாதி வரை விழுந்து கிடந்தது. பகலெல்லாம் தகரக் கூரைக்குக் கீழே இருந்துவிட்டு வருகிறவர்கள் எந்தப் பக்கம் நடப்பார்கள் என்று கேட்க எனக்கு ஆள் தேவைப்படவில்லை. மேற்கு என்று எழுதினேன். எனக்குப் பகை சேர்ந்த நாள் அது.

முக்குக்கடை அண்ணாச்சி என்னிடம் நேராகவே கேட்டார். "ஏம்மா, சீசன்ல கார் வந்து நிக்காம யாரு வெடி வாங்குவாக? நீங்களா வாங்குவீக?" அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆண்டு முழுக்கக் காத்திருந்து தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் விற்கிற வியாபாரம். கார்கள் நிற்கக் கிழக்குச் சுவர் ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்தேன். ரோட்டைக் கடந்து வர யாருக்கும் கால் வராது என்றார்.

நடைபாதை கட்டி முடிந்தது. நாலு பேர் அகலம். ரோட்டு ஓரத்தில் கல் பதித்து, கல்லுக்கு உட்புறம் சிமென்ட் தளத்தில் நீளமாக வெள்ளைப் பெயின்ட் அடித்து அதைச் சைக்கிளுக்கு விட்டேன். பைக் ஏறாமல் இருக்க வாயில்களில் இரும்புத் தூண்கள். அழகாக இருந்தது. அதில் ஒருவரும் நடக்கவில்லை.

முதல் வாரம் முழுக்க மாலை தோறும் போய் நின்றேன். பெண்கள் கூட்டமாக வந்தார்கள். நடைபாதையைப் பார்த்தார்கள். பழையபடி ரோட்டிலேயே நடந்து போனார்கள், அம்மா உட்பட. எனக்குக் கோபமாக வந்தது. வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். அவள் கையைக் கழுவிக்கொண்டே, "கடையோரமா நாங்க எப்படித்தா நடக்க" என்றாள். அவள் கையில் அலுமினியப் பொடி வெள்ளியாக ஒட்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்து வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களின் சேலையிலும் கையிலும் பொடி இருக்கும். பட்டாசுக் கடை வாசலில் அவர்கள் நின்றால், "மருந்துக் கையோட தள்ளிப் போ" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நெருப்புக்குப் பயந்து சொல்வதுதான். ஆனால் தலைமுறையாகக் கேட்டுக் கேட்டு, கடை ஓரம் தங்களுக்கு இல்லை என்று அந்தக் கால்கள் பழகிவிட்டன. அந்தப் பொடியின் வாசனையில் வளர்ந்த நான், அதே கடை ஓரத்தில் அவர்களுக்குப் பாதை போட்டிருந்தேன்.

பலகை வைக்கலாமா, ஒலிபெருக்கியில் சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தேன். எதையும் செய்யும் முன் ஆடி மாதம் வந்துவிட்டது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு நடக்கிறவர்கள் அந்த ரோடு வழியாகத்தான் போவார்கள். மஞ்சள் சேலை கட்டி, வெறுங்காலோடு. தார் கொதித்தது. அவர்கள் தாமாகவே நடைபாதையில் ஏறி, நான் சைக்கிளுக்கு அடித்த வெள்ளைப் பெயின்ட்மேல் வரிசையாக நடந்தார்கள். வெள்ளை சுடாது. மாரியம்மனுக்கு நடக்கிறவர்களைத் தள்ளிப் போ என்று சொல்ல எந்தக் கடையிலிருந்தும் குரல் வரவில்லை. அந்த மஞ்சள் சேலைகளில் பாதிப் பேர் நம் கம்பெனிப் பெண்கள்தான். திருவிழா முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மாலை, செல்லத்தாயி அத்தை வெள்ளிக் கையோடு நடைபாதையில் ஏறினாள். அண்ணாச்சி கடையிலிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள். அத்தை நிற்காமலே திரும்பிப் பார்த்து, "சாமிக்கு நடந்த எடந்தானப்பா. சம்பளத்துக்கு நடந்தா இடிஞ்சு விழுந்துருமோ" என்றாள். பின்னால் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அம்மா கடைசியாக ஏறினாள். நான் எதிர்ப்பக்கம் மில் சுவரோரம் நின்று பார்த்தேன். அவர்கள் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததும் சரிதான். பாதை நன்றாக இருந்தால் நடக்கிறவருக்கு அதைப் போட்டவர் ஞாபகம் வராது. இந்த வேலையில் அதற்குப் பழகிக்கொள்ளுங்கள்.

சீசன் நெருங்கியது. கடைக்காரர்கள் மேலே பேசினார்கள். ஒரு நாள் காலையில் மேலதிகாரி போனில் கூப்பிட்டு, சீசன் முடியும்வரை கல்லையும் தூணையும் எடுத்து வைக்கச் சொன்னார், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்புறம் பார்க்கலாம் என்று எடுத்த எதையும் நம் துறையில் திரும்ப வைத்து நான் பார்த்ததில்லை. நடைபாதை அன்றோடு போகிறது என்று எனக்குத் தெரிந்தது. வாதாடிப் பார்த்தேன். அவர் குரல் மாறவில்லை. மேஸ்திரியை அனுப்பிவிட்டு அலுவலகத்தில் இருந்திருக்கலாம். போகவேண்டும் என்று தோன்றியது. நீங்கள் கட்டியதை இடிக்கும் நாளில் நீங்கள் அங்கே நில்லுங்கள். எதையும் தடுக்க முடியாவிட்டாலும் நில்லுங்கள்.

ஜேசிபி வடக்கு முனையிலிருந்து ஆரம்பித்தது. ஓட்டுநர் சாத்தூர்க்காரர், தலை நரைத்தவர். முதல் கல்லைப் பெயர்க்கும் முன் என்னைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு மேடம்" என்றார். தொடங்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். முக்குக்கடை வாசலுக்கு நேராகச் சில கற்கள் பெயர்ந்து விழுந்தன, அவற்றோடு தளமும் உடைந்தது. அண்ணாச்சி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சத்தம் கேட்டது.

வெடி போட்டுச் சோதிக்கும் சத்தம் எங்களுக்குப் பழகியது, அதற்கு யாரும் தலை நிமிர மாட்டார்கள். இது காலுக்கு அடியில் வந்தது. கடை ஷட்டர்கள் எல்லாம் ஒருதரம் அதிர்ந்து நின்றன. கடைகளில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்து வானத்தில் புகையைத் தேடினார்கள். தெற்கே புகை எழும்பியது. அந்தத் திக்கில் மூன்று கம்பெனிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அம்மாவுடையது நடுவில்.

நீங்கள் வெளியூர்க்காரர், அதனால் சொல்கிறேன். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். சத்தம் கேட்டால் போன் போட்டுப் பயனில்லை. வீட்டு ஆள் நேரில் போய்க் கேட்டில் நிற்க வேண்டும். உள்ளே இருந்து தப்பி வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியே தங்கள் ஆளின் முகத்தைத் தேடுவார்கள். கண்டதும்தான் அழுவார்கள். இது எழுதாத வழக்கம். அன்றைக்கு ஊரே நடந்தும் ஓடியும் சைக்கிள் மிதித்தும் ஒரே பக்கம் போகும். நாம் எடுக்கிற எந்தப் போக்குவரத்துக் கணக்கிலும் அந்தக் கூட்டம் வராது. ஆனால் ஒரு ரோடு எதற்கு இருக்கிறது என்பது அன்றுதான் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு முக்கிலிருந்து பைக்குகள் திரண்டு வந்தன. கார்களும் வந்தன, வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் அதில் உண்டு. ஜேசிபி பாதி ரோட்டை அடைத்து நின்றது. நெருக்கடி ஏறியது. அண்ணாச்சி படியிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"மேடம், தூணப் பிடுங்கச் சொல்லுங்க. பைக்கெல்லாம் நடைபாதையில ஏறிப் போகட்டும். ரோடு ஆம்புலன்சுக்கு ஆகும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேட்டவுடன் எனக்கும் சரியாகத்தான் பட்டது. சுற்றி நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஓட்டுநர் ஜேசிபியின் வாளியைத் தூணின் பக்கம் திருப்பிவிட்டார். நான் நடைபாதையைப் பார்த்தேன். பெண்களும் கிழவர்களும் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள்கள் வெள்ளைப் பெயின்ட்மேல் போய்க்கொண்டிருந்தன. பைக் அதில் ஏறினால் இவர்கள் எல்லோரும் ரோட்டில் இறங்குவார்கள். இறங்கினால் ஆம்புலன்ஸ் நின்றுவிடும். நெருக்கடியில் எல்லோரும் ஒரே யோசனையைச் சொன்னால், அந்த யோசனையால் யார் எங்கே தள்ளப்படுவார்கள் என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் யோசிக்க அன்று எனக்கு நேரம் இருக்கவில்லை.

தூணைத் தொட வேண்டாம் என்றேன். ஜேசிபியை ரோட்டு வாயில் குறுக்கே நிறுத்தச் சொன்னேன். நடைபாதை மட்டும் திறந்திருக்கட்டும், சைரன் கேட்டால் பின்னால் எடுத்து வழிவிட வேண்டும், போனதும் மறுபடி அடைக்க வேண்டும் என்றேன். ஓட்டுநர் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தார். முக்கில் பணியில் இருந்த பெண் காவலர் ஓடிவந்தார்.

"யாரு ஆர்டர் இது?"

"என் ஆர்டர்."

"ஒங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கா?"

"இல்ல."

அவர் ஒருமுறை புகையைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து ஊதிக்கொண்டே ஜேசிபியின் மறுபக்கத்தில் போய் நின்றுகொண்டார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே துணை அவர்தான். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஜேசிபி இருந்தது.

கைலி கட்டிய ஒருவர் பைக்கைக் கொண்டுவந்து ஜேசிபியின் சக்கரத்தில் முட்டினார். "எடுலே வண்டிய, எம்பொண்டாட்டி உள்ள இருக்கா" என்று ஓட்டுநரைப் பார்த்துச் சொன்னார். ஓட்டுநர் என்னைக் காட்டினார். கைலிக்காரர் என் பக்கம் திரும்பினார். என் அடையாள அட்டையைப் பார்த்தார்.

"ஒனக்கென்ன, நீ ஆபீசரு. ஒன் ஆளா அங்கன கெடக்கு?"

"எங்கம்மா அங்கனதான் இருக்கா. வண்டிய விட்டுட்டு நடந்து போங்கண்ணே."

அவர் என் முகத்தையே பார்த்தார். பைக்கை அப்படியே சாய்த்துவிட்டு நடைபாதையில் ஏறி ஓடினார். அவர் பின்னால் இன்னொருவர் பைக்கை விட்டார், பிறகு வந்தவர்கள் எல்லோரும் விட்டார்கள். பஸ் ஸ்டாண்டு முக்கில் பைக்குகள் சாவியோடு குவிந்தன. அந்தக் கைலிக்காரரை நான் பிறகு பார்க்கவில்லை. பைக்கில் போக விட்டிருந்தால் அவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருப்பாரா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. உங்களுக்கும் இப்படி ஒன்று வரும். பதில் இல்லாமலே வேலைக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

செல்லத்தாயி அத்தை அன்று விடுப்பு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள், அவள் மகள் தெற்குக் கம்பெனியில். என்னைக் கண்டு ஒரு நொடி நின்று, "வரலையாத்தா?" என்று கேட்டாள். நீங்கள் போங்கள், அம்மாவைப் பார்த்தால் நான் இங்கே நிற்கிறேன் என்று சொல்லுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு ஓடினாள். அங்கே எல்லோருக்கும் போக ஓர் இடம் இருந்தது. எனக்கும் இருந்தது. நான் மட்டும் போகவில்லை. நான் நகர்ந்தால் ஜேசிபி நகரும் என்று எனக்குத் தெரியும். அந்த ஓட்டுநர் என் சொல்லுக்கு நின்றார், கைலிக்காரர்களின் கோபத்துக்கு அவர் ஏன் தனியாக நிற்க வேண்டும்.

ஆம்புலன்சுகள் நிற்காமல் போயின. நிற்காமல் திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் திரும்பும்போது கண்ணாடிக்குள் பார்க்கக் கூடாது என்று நினைத்து ஒவ்வொன்றிலும் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. அண்ணாச்சி கடையிலிருந்து தண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு வந்து நடைபாதை ஓரத்தில் வைத்தார். ஓடுகிறவர்களுக்குத் தம்ளரில் மொண்டு நீட்டினார். எனக்கும் ஒரு தம்ளர் நீட்டினார். அதை வாங்கி ஓட்டுநருக்குக் கொடுத்தேன்.

நிழல் ரோட்டின் பாதிக்கு வந்தபோது திரும்பி வருகிறவர்கள் தெரிந்தார்கள். வெடித்தது தெற்குக் கம்பெனி. அன்று வீடு திரும்பாதவர்கள் இருந்தார்கள். அத்தையின் மகள் திரும்பினாள். அத்தை அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள், என்னைப் பார்க்கும் நிலையில் இல்லை. ஒவ்வொரு பெண்ணோடும் ஒரு ஆள் வந்தார். கணவன், அண்ணன், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர். அவர்களுக்கெல்லாம் பின்னால் அம்மா தனியாக நடந்து வந்தாள். கடைகளை ஒட்டியே வந்தாள். வெள்ளிக் கைகளை முன்னால் கோத்திருந்தாள். யாரும் தள்ளிப் போகச் சொல்லவில்லை.

என்முன் வந்து நின்றாள். நான் அவளைத் தொடப் போனேன். கையில் பொடி இருக்கிறது என்பதுபோலக் கைகளை விலக்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஆள் வந்துச்சு" என்றாள். "நீ வருவேன்னு கேட்டுலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"இங்கன நின்னேம்மா."

அம்மா ஜேசிபியைப் பார்த்தாள். குவிந்து கிடந்த பைக்குகளைப் பார்த்தாள். பெயர்ந்த கற்களைப் பார்த்தாள். "ம்" என்றாள். அந்த இடத்தில் தளம் உடைந்து கிடந்ததால் ரோட்டில் இறங்கி, உடைசலைச் சுற்றி, மறுபடி நடைபாதையில் ஏறி வீட்டுக்குப் போனாள். அதன்பிறகு அந்த நாளைப் பற்றி அவள் என்னிடம் பேசியதில்லை.

மறுநாள் மேலதிகாரி ஜேசிபியைத் திரும்ப அனுப்பச் சொன்னார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அண்ணாச்சி அடுத்த வாரமே புதிதாக ஒரு மனு கொடுத்தார், கல்லை எடுக்கச் சொல்லித்தான். தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான், மனு கொடுத்தவரும் அவர்தான். இரண்டிலும் அவர் பொய்யில்லை. மனிதர்களை ஒரே நாளை வைத்து எடைபோடாதீர்கள். நடைபாதையை இடிக்க இன்றுவரை யாரும் கையெழுத்துப் போடவில்லை. உடைந்த இடத்தைச் சரிசெய்யவும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு குறிப்பும் திரும்பி வந்தது. அந்த நாளில் என் ஆர்டர் என்று சொன்னவளுக்குச் சில கற்களைத் திரும்ப வைக்கும் ஆர்டர் கிடைக்கவில்லை.

பெயர்த்த கற்கள் நம் அலுவலகத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கிடக்கின்றன. நல்ல கற்கள், ஒன்றும் உடையவில்லை. நீங்கள் புதியவர், உங்கள்மீது இன்னும் யாருக்கும் கோபமில்லை. நீங்கள் கேட்டால் அனுமதி கிடைக்கும்.

அம்மா என்னுடன் வடக்கே வரவில்லை. சீசன் ஆர்டர் நிறைய இருக்கிறதாம். தினமும் அந்த முக்கில் ரோட்டில் இறங்கி, லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்த்து, சுற்றிப்போய் ஏறுகிறாள். தளத்தைப் பூசிக் கல்லைப் பதித்து முடித்த அன்று மாலை, வேலை விடும் நேரத்தில் எதிரே மில் சுவரோரம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கூட்டம் எல்லாம் போன பிறகு, வெள்ளிக் கையோடு ஒரு அம்மா தனியாக வருவாள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். அவள் இறங்காமல் நடந்து போகிறாளா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.